பக்கத்து வீட்டு மேடம்

ஜூன் 5, திங்கள்

ஆபீஸில் வழியனுப்பு விழாவுக்குக் கொடுத்த டைரி மூன்று மாதமாகச் சும்மா கிடந்தது. இன்று எடுத்தேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல இருக்கிறது. சொல்ல ஆள் இல்லை.

குத்தாலத்தைப் பகல்நேர மையத்தில் சேர்த்துவிட்டேன். காலை ஒன்பதரைக்கு வேன் வந்து கூட்டிப்போகும், சாயங்காலம் நாலரைக்குக் கொண்டுவந்து விடும். அங்கே இருபது பேர் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன ஓட்டல்காரர், மறதி வந்த ஒரு வாத்தியார், குத்தாலம் மாதிரி ஏழெட்டுப் பேர். உடற்பயிற்சி, கவர் ஒட்டுவது, மதியச் சாப்பாடு, ஒரு தூக்கம்.

குத்தாலம் என் தம்பி. குற்றாலலிங்கம் என்று பேர். நாற்பத்து நாலு வயது. தாடி நரைத்துவிட்டது, புத்தி ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. அம்மா இருந்தவரை எங்கள் வீட்டின் பக்கத்து போர்ஷனில் அம்மாவோடு இருந்தான். தையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். மார்ச்சில் நான் ரிட்டயர் ஆனேன். அதிலிருந்து என் ஹாலில் படுத்துக்கொள்கிறான். காலையில் கண் விழித்தால் 'அக்கா, அக்கா' என்று பின்னாலேயே நடக்கிறான். மிக்ஸி போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். எனக்கோ முழங்கால் இரண்டும் தேய்ந்தாயிற்று. நான் என்ன இரும்பா?

மையத்தைப் பார்த்துக்கொள்வது எப்சிபா டீச்சர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஓயாத வாய், சிரித்த முகம். விண்ணப்பத்தைக் கொடுத்தாள். பேர், வயது, முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். 'சேர்ப்பவரின் உறவுமுறை' என்ற கட்டத்துக்கு வரும்போது, "எனக்குச் சொந்த ஊரு அம்பாசமுத்திரம்க்கா, சனி ஞாயிறு அங்கனதான் இருப்பேன்" என்றாள். எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னாள். பேனாவை மூடிவைத்தேன். என் மகள் வடிவுக்கு நிச்சயம் பண்ணியிருக்கிற மாப்பிள்ளை வீடு அதே தெருதான். ஆவணிக் கடைசியில் கல்யாணம். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை என்று அந்த வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்க்கா?" என்றாள் எப்சி.

"பக்கத்து வீடு" என்றேன்.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து போர்ஷனில் இருந்தவன்தானே. அவளுக்கு அது போதவில்லை. தாய் தகப்பன் இல்லையா, சொந்தபந்தம் இல்லையா என்று துருவினாள். அம்மா தவறிவிட்டாள், வேறு யாருமில்லை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! கூடப்பொறந்ததுகளே தூக்கிப் போட்டுட்டுப் போற காலம் இது. நீங்க எங்கயோ போயிட்டிய!"

கட்டத்தில் 'அண்டை வீட்டார்' என்று எழுதினேன். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று செக்‌ஷனில் முப்பத்தொரு வருஷம் குப்பை கொட்டியவள் நான். உறவுமுறையைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தவர்களை ஜன்னல் வழியாகவே கிழி கிழி என்று கிழித்திருக்கிறேன். "கூடப்பொறந்தவன மறைச்சிட்டு வந்து நிக்கீரே, வெக்கமா இல்லியாவே?" என்று ஒரு பெரியவரை எல்லார் முன்னாலும் அழவைத்ததும் உண்டு.

குத்தாலம் அங்கேயே நாலு தடவை என்னை 'அக்கா' என்று கூப்பிட்டான். யாரும் கண்டுகொள்ளவில்லை. எப்சியும் அவனுக்கு அக்கா, கூட்டுகிற ஆயாவும் அக்கா. சேலை கட்டிய எல்லாரும் அக்காதான்.

ஜூன் 6, செவ்வாய்

வேன் வந்தது, ஏறினான், ஜன்னலில் கை காட்டினான். மிக்ஸி போட்டுச் சட்னி அரைத்தேன். அழ ஆளில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது.

ஜூன் 14, புதன்

அவன் பையில் தினமும் ஒரு நோட்டு வருகிறது. அன்றைக்கு என்ன செய்தான் என்று எப்சி எழுதி அனுப்புவாள், நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். இன்றைக்கு: 'துண்டு மடிப்பதில் குற்றாலம்தான் முதல். ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காலையில் மூன்று கேள்விகள் பழக்குகிறோம். உன் பேர் என்ன? வீடு எங்கே? யாரோடு இருக்கிறாய்? வீட்டிலும் பழக்கவும்.'

போன் பண்ணிக் கேட்டேன். போன வருஷம் ஒருவர் மையத்தை விட்டு நடந்தே போய், இரண்டு நாள் பஸ் ஸ்டாண்டில் கிடந்தாராம். போலீஸ் கேட்டதற்குப் பேர்கூடச் சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொருவரும் எழுந்து நின்று சத்தமாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

"விண்ணப்பத்துல நீங்க என்ன எழுதியிருக்கியளோ அதத்தான்க்கா சொல்லிக்குடுப்போம். ஒரே மாதிரி சொன்னாத்தான் மண்டையில ஏறும்" என்றாள்.

சரி என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 21, புதன்

நோட்டில்: 'பேர், முகவரி நன்றாகச் சொல்கிறார். மூன்றாவது கேள்விக்கு இன்றும் "அக்கா" என்றே சொல்கிறார். எல்லாரையும் அப்படி அழைப்பதால் வெளியாட்களுக்கு யாரென்று புரியாது. "நாயகி மேடம், பக்கத்து வீடு" என்று உங்கள் பேரோடு நீங்களே சொல்லிக்கொடுத்தால் கேட்பார்.'

ஒரே ஒரு கோடு. 'அண்டை வீட்டார்' என்பதை அடித்துவிட்டு 'சகோதரி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம் போட்டால் முடிந்தது. ஆபீஸில் ஆயிரம் தடவை செய்திருக்கிறேன். ஆனால் எப்சி அம்பாசமுத்திரம் போவாள், அங்கே யாராவது கேட்பார்கள், இவள் வாய் சும்மா இருக்காது. கல்யாணம் முடியட்டும். மூன்று மாதம் என்ன பெரிய மூன்று மாதம்?

கேஸ் சிலிண்டர் வந்தது. இடுப்பைப் பிடித்துவிட்டது.

ஜூன் 25, ஞாயிறு

உட்காரவைத்துப் பழக்கினேன்.

"யாரு கூட இருக்க?"

"அக்கா."

"அக்கா இல்ல. நாயகி மேடம். பக்கத்து வீடு. சொல்லு."

சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான். என் முகத்தைத் தொட்டு, "அக்கா" என்றான். கொஞ்சம் பொறுத்து, எனக்குத்தான் தெரியவில்லையோ என்று மெதுவாக இன்னொரு தடவை, "அக்கால்லா" என்றான்.

சவத்தைத் தள்ளு, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

ஜூலை 2, ஞாயிறு

ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சரியாகச் சொன்னால் ஒன்று, அக்கா என்றால் கிடையாது. பத்து மணிக்கு ஆரம்பித்தது. பதினொன்றரைக்கு அழுதான். எனக்கும் தலைக்கு மேல் கோபம் ஏறிவிட்டது. "சொல்லக்கூடாதுன்னா சொல்லக்கூடாதுல! அக்கான்னு யார்ட்டயும் சொல்லக்கூடாது!" என்று கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஓங்கினேன், அவ்வளவுதான்.

தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டான். அம்மா அவனை ஒரு நாளும் அடித்ததில்லை. எங்கே கற்றுக்கொண்டான் அப்படித் தலையை மறைக்க என்று தெரியவில்லை.

மதியத்துக்கு மேல் சொன்னான். மூன்று மிட்டாய் கொடுத்தேன்.

ஜூலை 7, வெள்ளி

நோட்டில் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம். 'மூன்று கேள்விக்கும் சரியான பதில். எல்லாரும் கைதட்டினோம். உங்கள் உழைப்புக்கு நன்றி, அக்கா.'

நட்சத்திரத்தை வேன் கதவில் நின்றே எனக்குக் காட்டினான். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, "மேடம், டீ" என்றான்.

ஜூலை 8, சனி

வீட்டில் அப்படிக் கூப்பிட வேண்டாம் என்று சொன்னேன். மையத்தில் மட்டும்தான் மேடம் என்றேன். மலங்க மலங்க விழித்தான். ஒரு கேள்விக்கு இரண்டு பதில் அவனுக்குக் கிடையாது.

ஜூலை 16, ஞாயிறு

பெங்களூரிலிருந்து வடிவு பேசினாள்.

"அம்மா, கல்யாணத்துக்கு மாமாவுக்குப் பட்டு வேட்டியா, ஒட்டிக்கோ வேட்டியா? பட்டுன்னா அவருக்கு இடுப்புல நிக்காதுல்லா?"

"மாமா எதுக்குளா அங்க? அவங்க வீட்ல என்ன நினைப்பாவ?"

"என்ன நினைப்பாவ? மொத மாசமே நான் அவருட்ட சொல்லிட்டேன். போட்டோல்லாம் காட்டியாச்சு. அத்தைக்கும் தெரியும்மா. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, 'உங்க மாமாவக் காணமே'ன்னு என்ட்டதான் கேட்டாவ. ராஜவல்லிபுரம் சித்தி வீட்டுக்குப் போயிருக்காருன்னு சொன்னேன். நீதான அப்படிச் சொன்ன?"

"கூடப்பொறந்தவங்க யாருமில்லன்னு நான் அவங்கள்ட்ட..."

"தெரியும். உனக்குச் சங்கடமா இருக்கும்னு அவங்க எதுவும் கேட்டுக்கிடல."

போனை வைத்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று எல்லாரும் சேர்ந்து என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பட்டுச்சேலை சரசரக்கக் கேசரி பரிமாறிக்கொண்டு, ஒத்தப் பொண்ணா வளந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

சித்தி வீட்டுக்கு அவன் போகவில்லை. பக்கத்து போர்ஷனில் இருந்தான். வெளியே பூட்டியிருந்தேன். இரண்டு மணி நேரம்தான், மின்விசிறி ஓடியது, தண்ணீர் வைத்திருந்தேன். சத்தம் போடக்கூடாது என்று சொல்லிவைத்தேன். போடவில்லை. திறக்கும்போது கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான், வேட்டி நனைந்திருந்தது.

நாளைக்குப் போய் விண்ணப்பத்தைத் திருத்திவிட்டு மறுவேலை.

ஜூலை 17, திங்கள்

போனேன். "எப்சி, அந்த விண்ணப்பத்துல ஒரு திருத்தம்" என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"அது கெடக்கட்டும்க்கா, மொதல்ல இதக் கேளுங்க! மையத்துக்கு ஆண்டு விழா வருது. உங்களுக்குத்தான் பொன்னாடை போத்தப் போறோம். கமிட்டில எல்லாரும் ஒரே குரலா உங்க பேரச் சொல்லிட்டாவ. ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு புள்ளைய இப்படிப் பாக்கியள!"

ஆயா கும்பிட்டாள். ஓட்டல்காரர் நல்ல கையைத் தூக்கி வணக்கம் வைத்தார். நான் "அதெல்லாம் எதுக்கு" என்றேன். அழைப்பிதழை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வடிவு கல்யாணம் இப்போது காரணம் இல்லை. பிறகு என்னதான் காரணம்? எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன். ஆபீஸில் என்னைக் கண்டால் எல்லாருக்கும் பயம். வீட்டுக்காரர் இருந்தவரை அவருக்கும் என் வாய்க்குப் பயம்தான். நல்லவள் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. அறுபது வயதில் முதல் தடவையாகச் சொல்கிறார்கள். அது பிடித்திருக்கிறது, சீ.

ஜூலை 20, வியாழன்

சேலைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தேன். விழாவுக்கு.

ஜூலை 29, சனி

நூறு பேர் இருக்கும். மைக், ஷாமியானா, கேசரி. மூன்று கேள்வியையும் மேடையில் நின்று சொல்லிக்காட்டக் குத்தாலத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நீலச் சட்டை, தலையில் எண்ணெய். மைக்கைப் பார்த்துப் பயப்படவில்லை.

"உன் பேர் என்ன?"

"குற்றாலலிங்கம்."

வீட்டு முகவரியையும் தெருப்பேரோடு சொன்னான்.

"யாரோடு இருக்கிறாய்?"

கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தான். கையை நீட்டி, "நாயகி மேடம். பக்கத்து வீடு" என்றான். அப்படி ஒரு கைதட்டல். முன் வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சரிகை போட்ட சால்வை. எனக்காகக் குத்தாலமும் கைதட்டினான். எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தான்.

சால்வை பீரோவில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் இன்னொரு தடவை போர்த்திப் பார்த்தேன். இதையும் எழுதித் தொலைக்கிறேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

எப்சி வீட்டுக்கே வந்தாள். திருச்செந்தூர் ரோட்டில் ஒரு இல்லம் இருக்கிறதாம். நிரந்தரமாகத் தங்குகிற இடம், ஆயுசுக்கும் பார்த்துக்கொள்வார்கள். தோட்டம், டாக்டர் எல்லாம் உண்டு. யாருமே இல்லாதவர்களுக்கு மட்டும்தான் இடம். ஒன்று காலியாகியிருக்கிறது. எப்சி முட்டி மோதிக் குத்தாலத்துக்காக வாங்கிவைத்திருக்கிறாள்.

"உங்களுக்கும் முட்டுவலி. இன்னும் எத்தன நாளு சொமப்பிய? எனக்கே உங்களப் பாத்தா பாவமா இருக்குக்கா."

ஒரு தாளைக் காட்டினாள். 'இவருக்கு இரத்த உறவினர் எவரும் இல்லை என உறுதியளிக்கிறேன்.' பதினாலாம் தேதி மாவட்டத்திலிருந்து அதிகாரி வந்து அவனிடம் இரண்டு வார்த்தை கேட்பார், பதினேழாம் தேதி கூட்டிப்போய்விடுவார்கள்.

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். காபி போட்டுக் கொடுத்தேன். போனாள்.

ஆகஸ்ட் 5, சனி

மூன்றாம் தேதி எழுதியது உண்மை இல்லை. காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் பிறகு அவனுக்கு யார்? வடிவு தலையில் கட்ட முடியுமா? அங்கே டாக்டர் இருக்கிறார். நான் கீழே விழுந்து கிடந்தால் போன் எடுத்து நாலு பேருக்குச் சொல்லக்கூட இவனுக்குத் தெரியாது. இதெல்லாம் நியாயம்தான். நியாயமாக இருந்தால் அன்றைக்கே ஏன் எழுதவில்லை என்று என்னையே கேட்கிறேன். வடிவிடமும் இன்னும் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் இருந்தால் அங்கே சேர்க்கமாட்டார்கள். போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். "தெரிஞ்சவங்க வருசத்துக்கு ஒருக்கா வரலாம்க்கா" என்றாள் எப்சி.

ஆகஸ்ட் 11, வெள்ளி

அவன் துணி எல்லாவற்றிலும் அழியாத மையால் பேர் எழுத வேண்டும் என்றார்கள். ஆறு சட்டை, ஆறு வேட்டி, நாலு துண்டு. எழுதி எழுதிக் கொடுத்தேன், அவன் மடித்து மடித்து வைத்தான். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, கடைப் பெட்டியில் வைத்தாற்போல மடிப்பான். யாருக்கு இது என்று கேட்கவில்லை.

சவரம் பண்ணிவிட்டேன். அம்மா போன பிறகு நான்தான் செய்கிறேன். கன்னத்தைக் காட்டிக்கொண்டு அசையாமல் இருந்தான். முடிந்ததும், "மேடம் சாப்பிட வாங்க" என்றான். முன்பெல்லாம் 'அக்கா வா' என்பான். நாற்பத்து நாலு வருஷமாக நீ, வா, போ என்று என் சேலையைப் பிடித்து இழுத்தவன். 'வாங்க' என்கிற மரியாதையை மையத்தில் பழக்கியிருக்கிறார்கள். போலீஸ்காரரிடம் பேச வேண்டுமானால் உதவும் என்று.



ஆகஸ்ட் 14, திங்கள்

பத்து மணிக்கு அதிகாரி வந்தார். நாற்பது வயது இருக்கும், பொறுமையான மனிதர். எப்சியின் அறையில் குத்தாலத்தை எதிரே உட்காரவைத்தார்கள். நான் சுவரோரம் ஒரு பெஞ்சில் இருந்தேன்.

பேர் கேட்டார், சொன்னான். வீடு கேட்டார், சொன்னான். யாரோடு இருக்கிறாய் என்றதும், "நாயகி மேடம். பக்கத்து வீடு." எப்சி பெருமையாக என்னைப் பார்த்தாள்.

அதிகாரி தாளைப் புரட்டினார். "சரிப்பா. உனக்குச் சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி?"

அது பழக்காத கேள்வி. அவனுக்குப் பதில் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் தெரியாமல் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தான். விருந்து வீட்டில் இரண்டாவது வடை எடுக்கலாமா என்று குழந்தை தாயைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தான். நான் அசையவில்லை. நான் ஒன்றும் சொல்லாததால் அவனே முடிவு செய்துகொண்டு, அதிகாரியிடம் திரும்பி, "சொல்லக்கூடாது" என்றான்.

"எதப்பா சொல்லக்கூடாது?"

உதட்டின் மேல் விரலை வைத்தான். "சொல்லக்கூடாது. மிட்டாய் கிடையாது."

எப்சி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"சார், நான் அவனுக்கு அக்கா."

அதிகாரி புன்னகைத்தார். எப்சி ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள். "பிரியப் போற வருத்தத்துல சொல்லுதாவ சார். அக்கா மாதிரிதான் பாத்துக்கிட்டாவ. சொந்த அக்கா இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டா."

"மாதிரி இல்ல எப்சி. ஒரே வயித்துல பொறந்தவ. அவன எனக்குப் பதினாறு வயசுல ஆஸ்பத்திரியில துணியில சுத்தி என் கையிலதான் மொதல்ல குடுத்தாவ. நான் பொய் எழுதினேன். பொய்க் கையெழுத்துப் போட்டேன்."

 எப்சியின் கை என் தோளை விட்டு எப்போது இறங்கியது என்று தெரியவில்லை.

அப்போது குத்தாலம் எழுந்து நின்றான். முகமெல்லாம் கலவரம். "தப்பு" என்றான் என்னிடம். "தப்பு. மேடம். நாயகி மேடம். பக்கத்து வீடு." நான் தலையை ஆட்டினேன். விடவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மெதுவில், எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, அவர் ஒன்னு சொல்றார், நீங்க ஒன்னு சொல்றீங்க. நீங்க எழுதிக் குடுத்ததும் அவர் சொல்றதும்தான் ஒத்துப்போகுது. நான் எதை எடுத்துக்கறது? ஆதாரம் ஏதாவது இருக்கா?"

முப்பத்தொரு வருஷம் ஜன்னலுக்கு உள்ளே இருந்து நான் கேட்ட கேள்வி. நாளைக்கு லீவு, புதன்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 16, புதன்

அம்மாவின் வாரிசுச் சான்றைக் கொண்டுபோனேன். என் செக்‌ஷனிலேயே, ரிட்டயர் ஆவதற்கு ஒரு வாரம் முன்னால் வாங்கியது. ஒன்று, பிரமநாயகி, மகள். இரண்டு, குற்றாலலிங்கம், மகன். எப்சி இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அந்த எடம் வேற ஒருத்தருக்குப் போயிரும்" என்றாள்.

"போகட்டும். அவன் என்கூடத்தான் இருப்பான். பகல்ல மட்டும் இங்க வரட்டும், நீங்க சேத்துக்கிட்டா."

ஒரு புது விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். நான் எழுதுவதைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் நின்றாள். எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "முதல்லருந்து பழக்கணும். மறக்கடிக்கதுதான் கஷ்டம், மேடம்" என்றாள். அவளும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. சால்வையை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

வேனுக்குக் காத்திராமல் ஆட்டோவில் அவனையும் கூட்டிவந்துவிட்டேன். வடிவுக்குப் போன் பண்ணி ஒன்றுவிடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பூட்டியாம்மா வச்சிருந்த?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

டீ போட்டேன். இரண்டு பேரும் ஹாலில் உட்கார்ந்து குடித்தோம். மிட்டாய் கையில் வைத்துக்கொள்ளவில்லை, சத்தமும் போடவில்லை. "குத்தாலம், நான் யாரு?" என்று கேட்டேன்.

யோசித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். ஜன்னலையும் மூடினான். பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காதுக்குள் வாயை வைத்து, யாருக்கும் கேட்காதபடி, "அக்கா" என்றான்.

நான் எழுந்து போய்க் கதவை விரியத் திறந்தேன். தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று திறந்தேன். அவன் பதறிப்போய் என் பின்னாலேயே ஓடிவந்து மறுபடியும் சாத்தினான்.